பங்குத் தொகைக்காக விற்ற செக்கு

அன்புள்ள சாமி,

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். உன்னை மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நானும் உங்கப்பாவும்தான், அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. மெதுவாகவே வாசி. இதை நான் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு பேச்சு முடிப்பதற்குள் நீ அதற்கு நாலு பதில் சொல்லி, கடைசியில் நான் என்ன சொல்ல வந்தேன் என்பதையே மறக்கடித்துவிடுவாய். சின்னதிலிருந்தே உனக்கு வாய் அப்படி. காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ எர்ணாகுளத்திலிருந்து கூப்பிட்டாய். சின்னத் தொழில் செய்கிற பெண்களை மானியத்துக்குத் தயார்ப்படுத்த மலைமேல் சித்திரபுரத்தில் வகுப்பு எடுக்கப் போகிறேன், நம் எண்ணெய் மில்லைத்தான் அங்கே உதாரணமாகச் சொல்லப் போகிறேன் என்றாய். புது மெஷின் பக்கத்தில் நான் நிற்கிற போட்டோவை ஸ்கிரீனில் போடப் போகிறாயாம். "அம்மாவோட விஜயகதை" என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தாய். "சரி சாமி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நீ மலையேறுவதற்கு முன்னால் நம் மில்லுக்கு என்ன ஆயிற்று என்பதை என்னிடமிருந்து கேட்டுக்கொள். உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நாங்கள் உன்னிடம் மறைத்துவிட்டோம்.

மலையாள எல்லைக்குள் இருக்கிற நம் எருத்தேன்பதியில் எங்கள் பாடு உனக்குத் தெரியாததா. கடையில் தமிழ், பஸ்ஸில் தமிழ், கோயிலில் தமிழ். ஆபீஸ் படியேறினால் எல்லாம் மலையாளம். கரண்ட் ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்தாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நீ பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை மில்லுக்குக் கரண்டை நிறுத்தப் போகிறோம் என்று காகிதம் வந்தது. நீ அரைக்கால் சட்டையோடு என்னுடன் ஆபீசுக்கு வந்து, அந்த ஆபீசரிடம் மலையாளத்தில் வாதாடி, மீட்டர்தான் கெட்டுப்போயிருக்கிறது, அம்மாமேல் தப்பில்லை என்று ஒத்துக்கொள்ள வைத்தாய். அவர் உன் தலையைத் தடவிக்கொடுத்தார். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்கப்புறம் நீ படித்துச் சொன்னால் அதுதான் காகிதத்தில் இருக்கிறது, நீ கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டால் போதும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். எல்லை ஓரத்தில் இருக்கிற முக்கால்வாசிக் குடும்பங்கள் இப்படித்தான். பிள்ளைகள் வாசிக்கிறார்கள், நாங்கள் தலையாட்டுகிறோம். மானியம் என்று நீ பேச ஆரம்பித்தபோதும் நான் தலைதான் ஆட்டினேன்.

நம் மில் எப்படி ஓடியது என்பதை நீ அந்தப் பெண்களுக்குச் சொல்வாயா என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. நம்மிடம் இருந்தது ஒரு ரோட்டரி செக்கு. ஒரு ஈட்டுக்கு ஒரு சின்ன மூட்டைக் கொப்பரைதான் பிடிக்கும். காசு கொடுத்து எண்ணெய் வாங்க நம்மிடம் யாரும் வந்ததில்லை. தங்கள் தோப்புத் தேங்காயைத் தாங்களே உடைத்து, வெயிலில் போட்டுக் காயவைத்து, கொப்பரையாக மொபெட்டில் கட்டிக் கொண்டுவருவார்கள். அவரவர் கொப்பரையை அவரவர் கண் முன்னால் தனித்தனியாக ஆட்டிக் கொடுப்போம். ஆட்டி முடிகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவார்கள். எண்ணெயை அவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள், புண்ணாக்கை ஆட்டுக்கூலியாக நமக்கு விட்டுவிடுவார்கள். மாடு வைத்திருக்கிறவர்கள் மட்டும் புண்ணாக்கை எடுத்துக்கொண்டு கூலியைக் கொடுப்பார்கள். அந்தப் புண்ணாக்கை விற்றுத்தான் உன்னைக் காலேஜ் படிக்க வைத்தோம். பச்சைக் குழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்கென்று தனியாக நாலு கொப்பரை கொண்டுவருவார்கள். சாமிக்கு நேர்ந்துவிட்ட மரத்துக் காய் என்று விளக்குக்குத் தனியாகக் கொண்டுவருவார்கள். அடுத்த வீட்டுக் கொப்பரை நன்றாகக் காயாமல் பூசணம் பிடித்ததாக இருக்கலாம், அது நம்முடையதில் கலக்கக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் கவலை. யார் வீட்டுக் கொப்பரை கலக்குமோ என்று சாதி பார்த்தவர்களும் இருந்தார்கள், அவர்களை எனக்குப் பிடிக்காது, அது வேறு பேச்சு. ஆனால் எல்லாரும் நம்மைத் தேடி வந்தது ஒரே காரணத்துக்காகத்தான். கொடுத்த கொப்பரையின் எண்ணெய் அப்படியே திரும்பி வரும் என்கிற நம்பிக்கை.

இதை அப்படியே எழுதினால் மானியம் கிடைக்காது என்று பஞ்சாயத்து ஆபீசில் மானியம் பார்க்கிற அந்த மேடம் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். நல்ல பெண்தான், நமக்காக எவ்வளவோ ஓடினாள். "சேச்சி, இப்ப உள்ள மாதிரி காட்டினா மார்க் கிட்டில்லா. டர்ன் ஓவர் வேணும். கெப்பாசிட்டி கூட்டணும், ஆள் கூட்டணும், ஒரு பிராண்ட் வேணும்" என்றாள். புண்ணாக்குக் கூலி எந்தப் பேங்க் கணக்கிலும் வராது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களை எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. மற்ற பஞ்சாயத்துகளிலிருந்து எத்தனையோ பேர் போட்டி போடுகிறார்கள், நாம் முந்த வேண்டும் என்று நீ ராப்பகலாக உட்கார்ந்து திட்ட அறிக்கை தயாரித்தாய். மில்லில் கொப்பரை அள்ளிப்போடுகிற மருதாளை மெஷின் ஆபரேட்டர் என்று எழுதினாய். அவளுக்கு அதைச் சொன்னபோது வெட்கப்பட்டுக்கொண்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தலையில் தொப்பி, கையில் உறை மாட்டி போட்டோ எடுத்தாய். எனக்கும் ஒரு தொப்பி. உங்கப்பா மட்டும் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று தோப்புக்குள் போய்விட்டார். அன்றைக்கு நாம் எல்லாரும் சிரித்தோம். நிஜமாகவே நல்லா இருந்தது அந்த நாள்.

என்னைப் பேசப் பழக்கினாயே, அதை நினைத்தால் இப்போது எரிச்சல் வருகிறது. "அம்மா, ஊர்க்காரங்கன்னு சொல்லாத, வாடிக்கையாளர்னு சொல்லு. ஆட்டித் தர்றோம்னு சொல்லாத, உற்பத்தி பண்றோம்னு சொல்லு" என்றாய். நான் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பாலக்காட்டில் கமிட்டி முன்னால் போய் உட்கார்ந்து, நீ சொல்லிக்கொடுத்தபடியே சொல்லிவிட்டேன். அப்போது அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்த வயசான மனுஷன் ஒருவர், சும்மா சொல்லக் கூடாது, கேட்க வேண்டியதைக் கேட்டார். சின்ன அளவில் கொப்பரை கொண்டுவருகிறவர்களை என்ன செய்வீர்கள் என்றார். நீ எனக்கு முந்திக்கொண்டு, "அதைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்வோம் சார்" என்றாய். அவர்கள் எல்லாரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். ஒற்றை மூட்டையோடு வருகிற ஆறுச்சாமி மாமனும் மற்றவர்களும் என் கண் முன்னால் வந்து போனார்கள். வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். மார்க் குறைந்துவிடுமே என்று பேசாமல் இருந்தேன். எனக்கும் ஆசைதான் சாமி. பேப்பரில் பேர் வரும், பெரிய மில் ஆகும், உன் கல்யாணத்துக்கு நாலு பேர் மரியாதையாக வருவார்கள் என்று எனக்கும் ஆசை இருந்தது.

ஆனால் கமிட்டிக்குப் போவதற்கு முன்னாலேயே வேலை கெட்டுவிட்டது. மானியம் என்றால் முழுதும் அவர்கள் தரமாட்டார்கள், கொஞ்சம் பேங்க் கடன், கொஞ்சம் நம் பங்கு, நம் பங்கை முதலில் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும் என்றாய். நகை ஏற்கெனவே அடகுக்குப் போய்விட்டது. கடைசியில் செக்கைக் கொடுத்துவிடலாம், புது மெஷின் வரும்போது பழசுக்கு இடமும் இருக்காது என்றாய். உங்கப்பா ஒரு கேள்விதான் கேட்டார். "அதுவரைக்கும் எதுல ஆட்டறது சாமி?" என்றார். "கொஞ்ச நாள்தானுங்கப்பா" என்றாய். எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி ரோட்டில் புதிதாக மில் போடுகிற ஒரு ஆள் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். உங்கப்பா கூடவே நின்று கயிறு கட்டிக்கொடுத்தார். அந்தக் கொஞ்ச நாள் மழைக்காலம் முழுக்க நீண்டது. கமிட்டி கூடவும், பேங்கில் கையெழுத்தாகவும், மெஷின் வந்து இறங்கவும், கரண்ட் கனெக்‌ஷன் மாற்றவும் அவ்வளவு ஆயிற்று. மில் வாசலில் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினவர்கள் எத்தனை பேர் என்று நீ பார்க்கவில்லை, மானியம் உறுதியானதுமே நீ எர்ணாகுளத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். நான் பார்த்தேன்.

திறப்பு விழா நன்றாகத்தான் நடந்தது. பஞ்சாயத்து பிரசிடெண்ட் வந்தார், பந்தல் போட்டோம், கேசரி கிண்டினோம். புது மெஷின், அந்த எக்ஸ்பெல்லர், பளபளவென்று நின்றது. விழா முடிந்து நீ கிளம்பிப் போன அந்த வாரமே ஆறுச்சாமி மாமன் வந்தார். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நம் மில்லைத் தவிர வேறு மில் வாசலை மிதிக்காத மனுஷன். மொபெட்டில் மூட்டை இருந்தது. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏனம்மிணி, இதுல என்ற கொப்பரையத் தனியா ஆட்டித் தருவியா?" என்றார்.

"இதுல தனியா ஆவாதுங்க மாமா. கொஞ்சமாப் போட்டா மெஷினுக்குள்ளயே நின்னுக்கும், முன்னால போட்டவங்களோடதும் கலந்து வரும். நீங்க கொப்பரைய எடை போட்டுக் குடுத்துட்டுப் போங்க, அதுக்குண்டான எண்ணெயத் தந்தர்றனுங்க" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "எண்ணெய் வேணும்னா நான் கடைக்குப் போவமாட்டனா? என்ற தோப்பு எண்ணெய் வேணும்னுதானே இங்க வாறேன்" என்றார். மூட்டையைத் திரும்ப மொபெட்டில் வைத்தார். நான் ஒரு கை பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. அவர் வரவில்லை என்று தெரிந்ததும் மற்றவர்களும் வரவில்லை. ரோட்டில் பார்த்தால் சிரிக்கிறார்கள், சௌக்கியம் விசாரிக்கிறார்கள், உன்னைப் பற்றிக் கேட்கிறார்கள். மூட்டை இருக்கிற மொபெட் மட்டும் நம் வாசலில் நிற்பதில்லை.

எக்ஸ்பெல்லருக்கு வயிறு பெரிசு. அதற்குப் போட வேண்டுமென்றால் வியாபாரிகளிடம் லோடு லோடாகக் கொப்பரை வாங்க வேண்டும். கொப்பரை விலை ஏறிக்கொண்டே போகிற காலத்தில் காங்கேயத்துப் பெரிய மில்காரர்கள் கையில் காசோடு களத்துக்கே வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள், நமக்கு எவன் கடன் தருவான்? இரண்டு லோடு வாங்கி ஆட்டினோம். நீ படம் வரைந்து அனுப்பிய லேபிளை ஒட்டினோம். கடைக்காரர்கள் நாலு பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, விற்றால் காசு தருகிறேன் என்றார்கள். பெயர் தெரிந்த எண்ணெய் பக்கத்தில் இருக்கும்போது நம்முடையதை யார் எடுப்பார்கள்? வீட்டுக்குத் திரும்பி வந்த பாட்டில்களில் சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டது. அதை மில்லுக்குப் பின்னால் அடுக்கி வைத்துச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறேன். போன தடவை நீ வந்தபோது அங்கே என்ன வாடை என்று கேட்டாய், எலி செத்திருக்கும் என்றேன்.

மருதாள் தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போகிறாள், வேலை இல்லாத நாளில் களத்தில் தேங்காய் உரிக்கப் போகிறாள். அவளை நான் நிறுத்தவில்லை, அவளாகவே ஒருநாள், "சும்மா ஒக்காந்துட்டுக் கூலி வாங்க எனக்கு மனசு ஒப்பலைங்கக்கா" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். ஆனால் காகிதத்தில் அவள் இன்னும் மெஷின் ஆபரேட்டர். சோதனைக்கு ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் அவளைக் கூப்பிட்டுத் தொப்பி மாட்டி நிற்க வைக்கிறேன். மானியத்தில் வாங்கின மெஷினை இத்தனை வருஷத்துக்கு விற்கக் கூடாது, ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று நீதானே படித்துச் சொன்னாய். அதனால் அவர்கள் வருகிற அன்றைக்கு ஓட்டுவதற்கென்றே சில மூட்டைக் கொப்பரையைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அவர்கள் வந்து, மெஷின் ஓடுவதைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். போனதும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த மாதிரி நாடகம் ஆடுவதற்கா இத்தனை வருஷம் மில் வைத்திருந்தேன்?

இனிச் சொல்லப் போவதைச் சொல்லக் கூடாது என்று உங்கப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். நீ கூப்பிடும்போதெல்லாம், அப்பா தோப்புக்குப் போயிருக்கிறார் என்று சொல்கிறேனே, அவர் தோப்புக்குப் போகவில்லை. பேங்க் தவணை ஒவ்வொரு மாசமும் வந்து நிற்கிறது, அதற்கு வழி வேண்டும். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போகிறார். நம் செக்கை வாங்கிக்கொண்டு போனானே, அவன் மில்லில் கூலிக்கு இருக்கிறார். அந்த ஆளுக்கு ரோட்டரி ஓட்டத் தெரியவில்லை, எண்ணெய் சரியாக இறங்கவில்லை, ஆள் தேடியிருக்கிறான். உங்கப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "நம்ம செக்கை ஓட்டறதுக்கு ஆள் தேடறாங்களாமா. நான் போலாம்னு இருக்கறேன்" என்றார். நான் கத்தினேன், அழுதேன். ஊர் சிரிக்கும் என்றேன். "சிரிச்சாச் சிரிக்கட்டும் புள்ள. கால் வலி தெரியாம நிக்கறது அது முன்னாலதான்" என்றார். நம் ஊர்க்காரர்கள் இப்போது கொப்பரையை அங்கேதான் கொண்டுபோகிறார்கள். ஆறுச்சாமி மாமன் கொப்பரையை உங்கப்பாதான் ஆட்டிக்கொடுக்கிறார். தன் பெஞ்சும் இல்லை, தன் கூரையும் இல்லை, புண்ணாக்கு அந்த ஆளுக்கு. சாயங்காலம் வரும்போது அவர் சட்டையில் பழைய வாசம் அடிக்கிறது. நான் அதைத் துவைக்கிறேன்.

இதையெல்லாம் ஏன் மறைத்தோம் என்று கேட்பாய். நீ அந்த மானியம் கிடைத்ததைக் காட்டித்தான் இந்த வேலையை வாங்கினாய். அம்மாவின் மில்லைத் தயார்ப்படுத்தி ஜெயிக்க வைத்தவன் என்றுதான் உன்னை அங்கே எடுத்தார்கள். பிள்ளை தலை நிமிர்ந்து நடக்கும்போது காலுக்குக் கீழே குழி இருக்கிறது என்று எந்தப் பெற்றவள் கூவுவாள்? அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். குழி உனக்கு மட்டும் என்றால் இன்னும் கூட மறைத்திருப்பேன்.

மானியம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கொடுத்தவர்கள் நம்மை ஏமாற்றவும் இல்லை, சொன்ன பணத்தைச் சொன்னபடி கொடுத்தார்கள். நாம்தான் அவர்கள் மார்க் போடுகிற மாதிரி நம் மில்லை வெட்டிச் சுருக்கினோம், இல்லாததை ஒட்ட வைத்தோம். நீ தயார்ப்படுத்தியது விண்ணப்பத்தைத்தான், மில்லை இல்லை. போட்டிக்குப் போகிற ஒரு பெண்ணிடம் நீ முதலில் கேட்க வேண்டியது டர்ன் ஓவர் இல்லை சாமி. உன் வாசலுக்கு யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், அதை நிறுத்தினால் எங்கே போவார்கள் என்று கேள். அவள் கடையில் போய் ஒரு நாள் முழுக்க உட்கார். அவள் பேசுகிற பேச்சை மாற்றாதே. அவள் ஊர்க்காரங்க என்று சொன்னால் அப்படியே எழுது, மார்க் போனால் போகட்டும். நாம் செக்கை வைத்துக்கொண்டே கூரை மாற்றவும், கொப்பரை காயவைக்க ஒரு டிரையர் வைக்கவும் கேட்டிருக்கலாம். கொஞ்சமாகக் கேட்டதால் கமிட்டி நம்மைத் தள்ளியிருக்கும், மானியம் கிடைக்காமலே போயிருக்கும். கிடைக்காமல் போயிருந்தால் இன்றைக்கு மில் இருந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, சோறு போடுகிற மெஷினை விற்றுப் பங்குத் தொகை காட்டு என்று இனி யாருக்கும் சொல்லாதே.

ஏன் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன் என்றால், சித்திரபுரத்திலிருந்து செல்வி என்று ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். நீதான் என் நம்பரைக் கொடுத்தாயாம், ஜெயிச்ச அம்மா, பேசிப் பாருங்கள் என்று. எஸ்டேட் வீடுகளுக்கு மிளகாயும் மல்லியும் மாவும் அரைத்துக் கொடுக்கிற சின்ன மில் வைத்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் எஸ்டேட் வேலை நின்றுபோய்விட்டது, அந்த அரவையில்தான் அடுப்பு எரிகிறது. மசாலாப் பாக்கெட் போடுகிற பெரிய திட்டமாக நீ எழுதிக்கொடுத்திருக்கிறாய். முதல் தடவை அவள் கேட்டபோது, "நல்லாத்தான் இருக்குதும்மா, பையன் சொன்னாச் சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை. நேற்று மறுபடியும் கூப்பிட்டாள்.

"அக்கா, பழைய மிஷினக் குடுத்துட்டு அந்தக் காச என் பங்காக் காட்டலாம்னு உங்க மகன் சொல்றாருக்கா. வாங்குற ஆளும் வந்து பாத்துட்டான். வெள்ளிக்கிழமை தூக்கிட்டுப் போறேங்கான். குடுத்துரட்டுமாக்கா?" என்றாள்.

"குடுக்காத கண்ணு" என்றேன். "கூரையப் பிரிச்சு வித்தாலும் வித்துக்கோ, அந்த மெஷினக் குடுக்காத" என்றேன். பிறகு இங்கே எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பாட்டில்களைச் சொன்னேன், ஆறுச்சாமி மாமனைச் சொன்னேன், உங்கப்பா எங்கே வேலைக்குப் போகிறார் என்பதையும் சொன்னேன். அப்புறம் மெல்லக் கேட்டாள், "அப்ப உங்க மகன் எங்ககிட்டச் சொன்னதெல்லாம் பொய்யாக்கா?"

உன் பெயருக்கு என்னால் ஆபத்து வரலாம். வேலைக்கே வரலாம். மற்ற பெண்களிடமும் அவள் சொல்லுவாள், நீ போய் நிற்கும்போது எல்லாரும் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கோபம் வந்தால் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். போட்டோவைப் போடுவதானால் போடு, ஆனால் இந்தக் கடிதத்தையும் அங்கே எல்லாருக்கும் வாசித்துக் காட்டு, அவர்கள் தமிழ்க்காரர்கள்தான், உன்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். செல்வியிடம் நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். "என்ற பையன் பொய் சொல்ற பையனில்லம்மா. அவனுக்கு எதுவும் தெரியாது, நாங்க சொல்லல" என்றேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற வரைக்கும் அது நிஜம். இதை வாசித்து முடித்துவிட்டாய், இனி யார் கேட்டாலும் உனக்காக அந்தப் பதிலை என்னால் சொல்ல முடியாது.

உன் அம்மா